புள்ளி மேல் புள்ளி

கும்பகோணம் என்றால் ராமானுஜன். சிதம்பரம் என்றால் 2009-இல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன். நம் காவிரிக் கரையின் அறிவியல் பெருமையைப் பேச உட்கார்ந்தால் பெரும்பாலும் இந்த இரண்டு பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூன்றாவதாக ஒரு பெயரை இந்த மலரில் பதிவு செய்ய ஆசைப்படுகிறேன்: ஜி.என். ராமச்சந்திரன். பிறந்தது 1922-இல் எர்ணாகுளத்தில்தான். ஆனால் 1942-இல் இயற்பியல் ஹானர்ஸ் முடித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். அடுத்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் போய்ச் சேர்ந்தது எந்தப் பிரிவில் தெரியுமா? மின் பொறியியலில்! அங்கே பேராசிரியராக இருந்த சர் சி.வி. ராமன் (இவரும் திருவானைக்காவலில் பிறந்தவர்) பையனை இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். பொறியியல் படித்த நமக்கு இதில் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் சந்தோஷம்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை நான் இங்கே எழுத வரவில்லை. ஒரு சிக்கலின் வரலாற்றை எழுத வந்தேன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில், எக்ஸ்ரே கருவியோடு பத்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். நான் தினமும் முட்டிக்கொள்ளும் சிக்கலில்தான் எழுபது வருஷத்துக்கு முன்னால் கிண்டியில் அந்த மனிதரும் முட்டிக்கொண்டார் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

சிக்கல் என்ன? ஒரு படிகத்தின் மேல் எக்ஸ்ரே கற்றையை விட்டால், உள்ளே வரிசை வரிசையாக நிற்கும் அணுக்கள் அதைக் குறிப்பிட்ட திசைகளில் மட்டும் தெறிக்க விடும். பிலிமில் புள்ளி புள்ளியாகப் பதியும். எதிரொளிப்பு என்று பாடப் புத்தகம் சொல்லும். நான் புள்ளி என்றே எழுதுகிறேன். புள்ளி விழும் இடம், படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கூட்டின் அளவைச் சொல்லும். புள்ளியின் கருமை, அந்தக் கூட்டுக்குள் எந்த அணு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும். ஆக, ஒவ்வொரு புள்ளியின் கருமையையும் தனித்தனியாக அளந்தாக வேண்டும். இரண்டு புள்ளி ஒரே இடத்தில் விழுந்துவிட்டால்? அங்கேதான் தகராறு ஆரம்பம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை வாய்க்கால் கணக்காகச் சொன்னால் சட்டென்று பிடிபடும். இரண்டு வாய்க்கால் சேர்ந்து ஒரு வடிகாலில் விழுகிறது. சேர்ந்த இடத்துக்குக் கீழே நின்று அளக்கிறீர்கள்: 300 கன அடி. எந்த வாய்க்காலில் எவ்வளவு வந்தது? 200-ம் 100-மாக இருக்கலாம், 150-ம் 150-மாக இருக்கலாம், ஒன்று காய்ந்தே கிடக்கலாம். கீழே நின்று எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் பிரயோஜனம் இல்லை. மேலே போய் ஷட்டர் எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அல்லது லஸ்கரைக் கேட்க வேண்டும். கூட்டுத்தொகைதான் நமக்குத் தெரிந்தது. அதைப் பிரிக்க வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு தகவல் வந்தே தீர வேண்டும்.

இனி கிண்டிக்கு வருவோம். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்கு ஆள் தேடினார். ராமனைத்தான் முதலில் கேட்டார். ராமன் தனக்குப் பதிலாகத் தன் மாணவரைக் கைகாட்டினார். அப்போது ராமச்சந்திரனுக்கு முப்பதைத் தொட்ட வயது. கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் முடித்துத் திரும்பி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. என்ன ஆராய்ச்சி செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த சமயம், இங்கிலாந்திலிருந்து சென்னை வந்த ஜே.டி. பெர்னால், கொல்லாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றுக்கும் கட்டுமானப் பொருள் இந்தக் கொல்லாஜன். லைனஸ் பாலிங் 1951-இலேயே அதற்கு ஓர் அமைப்பைச் சொல்லியிருந்தார். அது படத்தோடு ஒத்துப் போகவில்லை. பாலிங்கே தடுக்கி விழுந்த இடம் என்றால் எவ்வளவு வழுக்கல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வேறு வசதி.

கொல்லாஜனுக்கு உப்புக்கல் மாதிரி தனிப் படிகம் கிடையாது. கிடைப்பது நார். கங்காரு வாலின் தசைநாரிலிருந்து எடுத்த படம் நன்றாக அமைந்தது என்பது அந்தத் துறையில் பிரபலமான செய்தி. ஒரு நாருக்குள் மூலக்கூறுகள் எல்லாம் நீளவாக்கில் ஒரே திசையில் படுத்திருக்கும், வைக்கோல் கட்டு மாதிரி. ஆனால் ஒவ்வொரு தாளும் தன் அச்சில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு ஒழுங்கே இருக்காது. அதனால் நாரைப் படம் எடுப்பது, ஒரு படிகத்தை முழு வட்டம் சுற்றிக்கொண்டே ஒரே பிலிமில் எடுப்பதற்குச் சமம். வெவ்வேறு திசையில் தனித்தனியாக விழ வேண்டிய புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். அதுவும் கூர்மையான புள்ளியாக இல்லாமல், மை ஊறின மாதிரி பிறை பிறையாக இழுபடும். நல்ல தனிப் படிகம் ஆயிரக்கணக்கில் தனிப் புள்ளி தரும். நார்ப் படத்தில் நம்பி அளக்கக்கூடியது சில பத்துதான். அவற்றிலும் பல, கூட்டுத்தொகைகள்.

ராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும் அந்தக் கூட்டுத்தொகையைப் பிய்க்க முயலவில்லை. வெளியிலிருந்து தகவல் கொண்டு வந்தார்கள். கொல்லாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்று வேதியியல் பகுப்பாய்வு சொன்னது. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த இடத்தில் அதைவிடப் பெரிய எதற்கும் இடம் இல்லை. அப்படியென்றால் மூன்று இழைகள் நெருங்கி நிற்கின்றன, கிளைசின்கள் எல்லாம் நடுவில். இந்த ஊகத்தோடு, படத்தில் தெளிவாகத் தெரிந்த 2.86 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியையும் வைத்து மாதிரி கட்டினார்கள். 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் முதல் கட்டுரை வந்தது. 1955-இல் அதைத் திருத்தினார்கள்: மூன்று இழைகளும் தனித்தனியாகச் சுருள்வதோடு, கயிறு திரிப்பதுபோல ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. மூன்று சுற்றுக்குப் பத்து அமினோ அமிலம். கயிற்றுக் கட்டிலில் படுத்து வளர்ந்தவர்களுக்கு முச்சுருளைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

சில வாரங்களிலேயே பதில் வந்தது. அனுப்பியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும். மூன்று இழை சரி, கயிறு சரி. ஆனால் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று சென்னை சொன்னது தப்பு, ஒன்றுதான் இருக்க முடியும் என்றார்கள். இரண்டு பிணைப்புப் போட இழைகளை அவ்வளவு நெருக்கினால் சில அணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும் என்பது அவர்கள் வாதம்.

அப்படியானால் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. இரண்டு மாதிரியிலும் சுருளின் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இழைகளை லேசாகத் திருப்பி நகர்த்தினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். அந்தச் சின்ன வித்தியாசத்தைச் சொல்ல வேண்டிய புள்ளிகள்தான் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து கிடக்கின்றன. கூட்டுத்தொகை இரண்டு பேருக்கும் ஒத்துப் போகும். உலகத்தின் மிகச் சிறந்த மூளைகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வாதாடியதற்குக் காரணம், சாட்சி வாய் திறக்க முடியாத நிலையில் இருந்ததுதான்.

இதற்கப்புறம் ராமச்சந்திரன் செய்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த பகுதி. அணுக்கள் மோதுகின்றன என்கிறார்களே, இரண்டு அணு எவ்வளவு நெருங்கலாம் என்று யார் தீர்மானித்தது? அதுவரை வெளியாகியிருந்த அமினோ அமிலம், பெப்டைடு படிக அமைப்புகளை எல்லாம் எடுத்துவைத்து, கார்பனுக்கும் கார்பனுக்கும் எவ்வளவு, கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் எவ்வளவு என்று ஒவ்வொரு ஜோடிக்கும் பட்டியல் போட்டார். சாதாரண எல்லை ஒன்று, மிஞ்சிப்போனால் இதுவரை போகலாம் என்ற கடைசி எல்லை ஒன்று. பிறகு வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து, இந்த எல்லைகளை மீறாமல் ஒரு புரத இழை எப்படியெல்லாம் திரும்பலாம் என்று கணக்கிட்டார். கம்ப்யூட்டர் இல்லை, மேசைக் கணக்குப் பொறிதான். ஃபை, சை என்று இரண்டு கோணம். ஒன்றைக் குறுக்கேயும் மற்றதை நெடுக்கேயும் வைத்து வரைந்தால், பெரும்பகுதி தடை செய்யப்பட்ட பிரதேசம். அங்கங்கே சில தீவுகள் மட்டும் அனுமதி. 1963-இல் வெளியான அந்த வரைபடம்தான் உலகம் முழுக்க 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று பாடப் புத்தகத்தில் இருப்பது.

கொல்லாஜன் சண்டையில் கிரிக்கின் குற்றச்சாட்டுக்குப் பதில் தேடப் போய்க் கிடைத்த பொருள் இது. புள்ளிகள் தனித்தனியாக விழுந்திருந்தால் 1955-லேயே வழக்கு முடிந்திருக்கும். இந்தப் பட்டியலைப் போட யாருக்கும் அவசியம் வந்திருக்காது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. இன்றைக்கு எந்த நாட்டில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்து உலகப் புரதத் தகவல் வங்கியில் சேர்த்தாலும், அது இந்த வரைபடத்தில் வைத்துச் சோதிக்கப்படுகிறது. தீவுக்கு வெளியே விழுந்த கோணங்கள் நிறைய இருந்தால் கேள்வி வரும்.

சரி, வழக்கில் ஜெயித்தது யார்? 1994-இல் ஹெலன் பெர்மன் குழுவினர், கொல்லாஜன் மாதிரியே செய்த ஒரு சிறு பெப்டைடைத் தனிப் படிகமாக வளர்த்து, 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் அமைப்பைக் கண்டார்கள். இப்போது புள்ளிகள் தனித்தனி. மூன்று இழைக் கயிறு அப்படியே இருந்தது. இழைகளுக்கு நடுவே நேரடிப் பிணைப்பு, மூன்றுக்கு ஒன்று. இந்த ஒரு விஷயத்தில் கிரிக்–ரிச் சொன்னது சரி. இழைகளைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் பாலம் பாலமாக நின்றன. நேரடியாக இல்லாமல் தண்ணீர் வழியாக ஒரு பிணைப்பு உண்டு என்று 1968-இல் ராமச்சந்திரன் தம் மாணவர் சந்திரசேகரனோடு எழுதியிருந்தார். சில வெளிநாட்டுப் புத்தகங்கள் முச்சுருளைக் கிரிக்–ரிச் பெயரோடு மட்டும் நிறுத்திவிடுகின்றன. நம் ஊரில் சிலர் கிரிக் செய்த திருத்தத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் நியாயமில்லை. கயிறு சென்னையுடையது, முடிச்சுக் கணக்கு கேம்பிரிட்ஜுடையது.

அவர் அந்தக் கூட்டுத்தொகைச் சிக்கலை வேறொரு வாசல் வழியாக மறுபடியும் சந்தித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் மார்புக்கு எக்ஸ்ரே எடுத்தால் விலா எலும்பு, நுரையீரல், இருதயம் எல்லாம் ஒரே படத்தில் ஒன்றன் மேல் ஒன்று விழுகிறது. அதுவும் கூட்டுத்தொகைதான். ஆனால் இங்கே ஒரு சௌகரியம்: நோயாளியைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுக்கலாம். வெளித் தகவல் வேண்டாம், கோணங்களே போதும். 1971-இல் ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும், இந்தப் படங்களிலிருந்து உள்ளே இருப்பதைத் திரும்பக் கட்ட நீண்ட ஃபூரியர் கணக்கைத் தவிர்த்து ஒரு குறுக்கு வழி கொடுத்தார்கள். வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-இல் இதே மாதிரி வழியைத் தொட்டிருந்தார்கள். சி.டி. ஸ்கேன் கருவிகளில் பல வருஷம் ஓடியது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கணக்குதான். 1979-இல் சி.டி. ஸ்கேனுக்கு நோபல் கொடுத்தார்கள்; ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும். நம்மவருக்கு நோபல் வரவே இல்லை. 2001-இல் காலமானார்.

நார் ஒரு பக்கம் இருக்கட்டும். நல்ல தனிப் படிகத்திலும் புள்ளிகள் முட்டிக்கொள்ளும், கூடு பெரிதாக இருந்தால். கூடு பெருகப் பெருகப் புள்ளிகளின் இடைவெளி சுருங்கும். இங்கே பாருங்கள், அகத்தி வருகிறது! கும்பகோணம் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏறுவது அகத்தி மரத்தில். துவாதசிப் பாரணைக்கு அந்தக் கீரை இல்லாமல் முடியாது. அந்த அகத்தியைத் தாக்கி இலையைத் திட்டுத்திட்டாக்கும் ஒரு வைரஸ் உண்டு. பெங்களூரில் எம்.ஆர்.என். மூர்த்தி, எச்.எஸ். சாவித்திரி குழுவினர் அதைப் படிகமாக்கி, 1995-இல் 3 ஆங்ஸ்ட்ராம் அளவில் அமைப்பை வெளியிட்டார்கள். ஒரே புரதத்தின் 180 பிரதிகள் சேர்ந்த கூண்டு. அதன் படிகக் கூட்டின் பக்கம் சுமார் 290 ஆங்ஸ்ட்ராம்; சமையல் உப்பில் அது 5.64 மட்டுமே. இதற்கு வழி? பிலிமைத் தள்ளி வை, கற்றையைக் குறுக்கு, படிகத்தை ஒரேயடியாகச் சுற்றாமல் துளித்துளியாகச் சுற்று. அதற்கும் மிஞ்சி ஒட்டிக்கொண்ட புள்ளிகளுக்கு, தனியாக நிற்கும் அண்டைப் புள்ளிகளின் வடிவத்தைக் கற்றுக்கொண்டு அதைப் பொருத்திப் பிரி. பெரிய கூடுகளுக்கு இந்த முறையை 1979-இல் ஒழுங்குபடுத்தி எழுதியவர் அமெரிக்காவில் பர்டியூவில் இருந்த மைக்கேல் ராஸ்மன். மூர்த்தி அவரிடம் வேலை பார்த்தவர். வெங்கியின் குழு 2000-இல் ரைபோசோமின் சிறிய பாதியைப் பிடித்தபோது, கூடு 401 ஆங்ஸ்ட்ராம் வரை போயிருந்தது.

என் பிழைப்பு இதைவிடக் கேவலமான நிலை: தூள். கோடிக்கணக்கான பொடிப் படிகங்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும்போது புள்ளிகள் வளையங்களாகி, கடைசியில் ஒரே ஒரு வரைகோட்டில் முகடுகளாக வந்து நிற்கும். சிமெண்ட் கிளிங்கரில் சீக்கிரம் பலம் தரும் அலைட், தாமதமாகப் பலம் தரும் பெலைட் இரண்டும்தான் முக்கியம். இரண்டின் பெரிய முகடுகளும் 32 டிகிரிக்கும் 33 டிகிரிக்கும் நடுவே ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். 31 டிகிரி அருகே பெலைட்டின் ஒரு சின்ன முகடு மட்டும் கொஞ்சம் தனியாக நிற்கும், பஸ் கூட்டத்தில் ஏறத் தயங்கும் பெரியவர் மாதிரி.

இதற்கு வழி சொன்னவர் ஹாலந்து நாட்டு ஹியூகோ ரீட்வெல்ட். பெட்டன் என்ற ஊரில் அணு உலையின் நியூட்ரான் கற்றையை வைத்து வேலை செய்தவர். முதலில், ஒட்டிக்கொண்ட முகடுகளின் கூட்டுத்தொகையைப் பிரிக்காமல் கூட்டுத்தொகையாகவே கணக்கில் சேர்த்தார். 1969-இல் முழு முறையை வெளியிட்டார்: முகட்டையே மறந்துவிடு. அமைப்பை ஊகி, அந்த அமைப்பு தரக்கூடிய வரைகோட்டை முழுசாகக் கணக்கிடு, அளந்த கோட்டோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடு, வித்தியாசம் குறையும்வரை திருத்து. 1977-இல் இதை எக்ஸ்ரேவுக்கும் கொண்டு வந்தார்கள். இன்று சிமெண்ட் ஆலைகளில் மணிக்கு மணி ஓடுவது இதுதான். கிண்டியில் செய்ததும் இதே புத்திதான் என்று எனக்குப் படுகிறது: படத்திலிருந்து அமைப்புக்குப் போக முடியாதபோது, அமைப்பிலிருந்து படத்துக்கு வா.

ஆனால் கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்கும் எண், அளந்த எண் ஆகிவிடாது. போன வருஷம் நம் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன், "அண்ணே, சாப்ட்வேர் ரெண்டு தசமம் வரைக்கும் சொல்லுதே, அப்புறம் எதுக்கு மைக்ராஸ்கோப்புல வேற எண்ணிக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டான். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "அந்த மாதிரியில இருக்கற சின்னச் சின்ன சேர்மத்துல ஒண்ணைத் தூக்கிட்டு மறுபடியும் ஓட விடுப்பா" என்றேன். ஓட விட்டான். திரையில் கணக்கிட்ட கோடும் அளந்த கோடும் முன்பு மாதிரியே ஒன்றன் மேல் ஒன்று படிந்து நின்றன. கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. கீழே அலைட், பெலைட் இரண்டின் எண்ணும் மாறியிருந்தன, அதே இரண்டு தசமத்தோடு. கொஞ்ச நேரம் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, சாலிசிலிக் அமிலம் போட்ட மெத்தனாலில் அலைட்டையும் பெலைட்டையும் கரைத்து எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் தனியாக ஓட விடலாமா என்று அவனே கேட்டான். அன்று சாயந்திரம் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு பேரும் வடிகட்டிக்கொண்டிருந்தோம்.